அயிரை: சொல்லும் மீனும்

ஆறு, கண்மாய், வாய்க்கால், நெல்வயல் ஆகியவற்றில் மணலும் சேறும் கலந்த அடித்தரையை ஒட்டி வாழும் விரல்நீளச் சிறுமீன் அயிரை. பேச்சு வழக்கில் அயிர, ஐரை என்றும் திரியும். நுண்மணலைக் குறிக்கும் ‘அயிர்’ என்னும் சொல்லே இதற்கு அடி எனக் கொள்வது மீனின் நிறத்துக்கும் இருப்பிடத்துக்கும் பொருந்துகிறது. பதிற்றுப்பத்தில் வரும் அயிரை, சேரநாட்டு மலையின் பெயர். அதனை இம்மீனோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

மீனாகிய அயிரை குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றில் வருகிறது. ‘அயிரை பரந்த அம் தண் பழனத்து’ என்று 178ஆம் பாடல் கூறுவது ஆம்பல் பூத்த நன்னீர் வயலை. இன்றைய அயிரைக்கு அது சரியான இடம். கீழைக் கடற்கரையில் பறக்க இயலாது கிடக்கும் கிழநாரை, மேலைக் கரையிலுள்ள தொண்டித் துறையின் அயிரைக்காகத் தலையை நீட்டுவதாகப் பரணர் பாடும் 128ஆம் பாடலிலோ இடம் கடல்துறை. ஆகவே பழந்தமிழர் இப்பெயரால் ஒன்றுக்கு மேற்பட்ட சிறுமீன்களைக் குறித்திருக்கலாம் என்பது என் கருத்து.

இன்று தமிழ்நாட்டில் அயிரை என விற்கப்படுவது பெரும்பாலும் லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்னும் இனமாகும். 1846இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் இதனை விவரித்தபோது, மாதிரிகள் திருகோணமலை அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றிலிருந்து கிடைத்தவை ஆதலால், வெப்பத்தைச் சுட்டும் ‘தெர்மாலிஸ்’ என்னும் அடைமொழி அமைந்தது. கீழ்நோக்கிய வாயைச் சுற்றியுள்ள மீசைகளால் தரையைத் துழாவி, மணலோடு சேர்த்து இரையை உட்கொள்ளும். மதுரை, தேனிப் பக்கத்துச் சமையலறைகளில் உயிருள்ள அயிரையைப் பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்த பின்னரே, கல்லுப்பு இட்டு உரசி வழவழப்பைப் போக்கி, குடல் நீக்காமல் முழுமீனாகக் குழம்பில் இடுவது இதனால்தான். கண்ணுக்குக் கீழே நிமிர்த்தக்கூடிய கவர்முள் ஒன்று உண்டு. ஆண்மீனின் மார்புத் துடுப்பில் 7, 8ஆம் கதிர்கள் ஒன்றிணைந்து தடித்திருப்பதால் ஆண், பெண் வேறுபாட்டை எளிதில் அறியலாம். நீரில் உயிர்வளி குறையும்போது மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கும் திறன், வற்றும் கண்மாய்களில் இதற்குக் கைகொடுக்கிறது.

வண்ணமீன் கடைகளில் ‘லோச்’ என வழங்கும் குழுவுக்கு அயிரை என்பதே தகுந்த தமிழ்ப்பெயர். இருக்கும் பெயரை விட்டு, தரையில் இரைதேடுவதை வைத்து ‘அடித்தள உண்ணி’ எனப் புதிதாகப் புனைவது, கெளுத்தி முதலிய யாவற்றையும் ஒரே கூடையில் போடுவதாகும். அது உணவுப் பழக்கத்தின் பெயரே தவிர மீனின் பெயர் அன்று. குழுவுக்கு அயிரை என்றும், இனங்களுக்கு அடைகொடுத்தும் வழங்கினால் போதும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது ‘தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்’. இப்பிரிவு இனத்தின் மொத்தப் பரவலை வைத்து அமைவது. ஒரு கண்மாயில் அயிரை அற்றுப்போனதை அது காட்டாது. இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்கே உரிய நெருங்கிய உறவினமான லெபிடோசெபாலிக்திஸ் ஜோங்க்லாசி, பரப்பு குறுகியதால் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களில் வைக்கப்பட்டுள்ளது. தெர்மாலிஸின் பரப்பு விரிந்தது எனினும், ஆற்றுமணலை அள்ளுவது அதன் உறைவிடத்தையும் உணவையும் ஒருங்கே அகற்றுகிறது. வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி வாய்க்கால் வழியே அடிச்சேற்றில் படிகிறது. கட்லா, ரோகுபோல இது பண்ணைகளில் பரவலாக வளர்க்கப்படுவதில்லை என்பதால், சந்தையின் தேவை பெரும்பாலும் இயற்கை நீர்நிலைகளின் மேலேயே விழுகிறது.