மூதில்: ‘இராணுவப் பின்னணி’ என்று எழுதுபவர்களுக்கு

எல்லையில் ஒரு வீரர் உயிரிழந்த செய்தி வந்தால் கூடவே இந்த வரியும் வந்துவிடுகிறது: “இராணுவப் பின்னணி கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவர்.” தாத்தா படையில் இருந்தார், தந்தை இருந்தார், அண்ணன் இன்றும் இருக்கிறார். அத்தனை பேரின் வாழ்வும் ‘பின்னணி’ என்ற சொல்லுக்குள் முடிந்துவிடுகிறது. அதே நாளிதழில் ‘குற்றப் பின்னணி உடைய வேட்பாளர்’ பற்றியும் படிக்கிறோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே சொல்லா?

இதற்குரிய சொல் சங்கப் பாடலிலேயே இருக்கிறது: மூதில். முது + இல், மூதூர் என்பதைப் போல. வழிவழியாகப் போருக்கு ஆள் அனுப்பிய பழங்குடும்பம் என்று பொருள். ‘மூதின் மகளிர்’ என்று வரும்போது லகரம் மகரத்தின் முன் னகரமாகத் திரிகிறது. அதை அறியாமல் ‘முதிய பெண்கள்’ என்று பொருள் சொல்வது பிழை.

‘பின்னணி’ பிடிக்காத சிலர் ‘போர்க்குடி’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு இது அதைவிடக் கவலை தருகிறது. குடி என்றதும் வாசகர் மனம் சாதிக்குப் போகிறது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர், சில சமூகங்கள் பிறப்பிலேயே போருக்கு ஏற்றவை, மற்றவை அல்ல என்று வகுத்துக்கொண்டு படைக்கு ஆள் எடுத்தார்கள். ‘போர்க்குடி’ அந்தப் பிரிவினையைத் தமிழில் திரும்பவும் குடியேற்றுகிறது. ஒரு வீட்டார் தம் விருப்பத்தால் செய்ததைச் சமூகம் முழுவதற்கும் பிறப்புரிமை ஆக்குகிறது. அந்தச் சமூகத்தில் பிறக்காதவனின் தியாகத்தைக் கணக்கிலேயே கொள்வதில்லை. ‘மறக்குடி’ (வீரக்குடி) நல்ல பழஞ்சொல்தான், ஆனால் இன்று அதற்கும் இதே கதி. ‘இராணுவ வாரிசு’ என்பதோ இன்னும் மோசம். வாரிசு சொத்துக்கு வருபவன், இவன் போனவன்.

மூதில் என்பதில் இருப்பது இல், வீடு. வீடென்றால் பெண்களும் உண்டு. புறப்பாடல்களின் இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை ‘மூதின் முல்லை’ என்ற துறைக்கு (பாடல் வகைக்கு) இலக்கணம் சொல்லும்போது, அந்த வீட்டில் ஆடவருக்கு மட்டுமன்றி மகளிருக்கும் மறம், அதாவது வீரம், உண்டு என்றே சொல்கிறது.

புறநானூறு 279-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் அப்படி ஒருத்தியைக் காட்டுகிறார். முன்னொரு நாள் போரில் அவளுடைய ‘ஐ’ யானையை வீழ்த்திக் களத்திலேயே மாண்டான் (தந்தை என்றும் தமையன் என்றும் இதற்கு உரை உண்டு). நேற்று கணவன் ஆநிரையைக் காக்க நின்று அங்கேயே பட்டான். இன்று மீண்டும் பறை ஒலிக்கிறது. அவளுக்கு இருப்பது ஒரே மகன். பரட்டைத் தலையில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து ‘போ’ என்கிறாள். பார்ப்பவருக்கே நெஞ்சு பதறுகிறது. ‘கெடுக சிந்தை’ (கெடட்டும் இவள் எண்ணம்) என்றுதான் பாட்டே தொடங்குகிறது. இறந்தவர்களைப் புலவர் மொத்தமாக ‘பின்னணி’யில் நிறுத்தவில்லை. யார், எந்தப் போரில், என்ன செய்து விழுந்தார் என்று தனித்தனியே சொல்கிறார்.

மூதில் வாசகருக்குப் புரியாது என்று ஆசிரியர் குழு தயங்கினால் அடைப்புக்குறிக்குள் பொருள் தரட்டும். அதற்கும் இடமில்லை என்றால் ‘மூன்று தலைமுறையாகப் படைக்கு ஆள் தந்த வீடு’ என்று எழுதட்டும். தாத்தா எந்தப் போரில் இருந்தார் என்று அந்த வீட்டாரிடமே கேட்டு, அதையும் சேர்க்கட்டும்.