பூ உதிர்ந்ததும் மருந்து டப்பாவைத் தேடாதீர்கள்

நேற்றும் ஒருவர் தன் தோட்டத்துப் படம் அனுப்பியிருந்தார். பூசணிக் கொடி, கீழே உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் பூக்கள். "மூன்று முறை பூச்சி மருந்து அடித்தும் பூ உதிர்வது நிற்கவில்லை" என்று எழுதியிருந்தார். படத்தில் இருந்தவை அத்தனையும் ஆண் பூ. கொடியில் எந்த நோயும் இல்லை.

இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை, அதனால் மறுபடி சொல்கிறேன். பூசணி, வெள்ளரி, பாகல், சுரை, பீர்க்கு எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒரே கொடியில்தான் இரண்டும் வரும். பெரும்பாலும் ஆண் பூதான் முதலில் வரும், சில நாள் தனியாகவே பூக்கும். மெல்லிய காம்பில் நிற்கும், ஒரு நாளில் வேலை முடிந்து விழும். விழத்தான் வேண்டும். பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று மொட்டிலேயே தெரியும். அந்தப் பெண் பூ வரும்வரை பொறுங்கள்.

பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி வெம்பினால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். (பிஞ்சில் துளையும் கசிவும் இருந்தால் அது பழ ஈ, அதற்கு வைத்தியம் வேறு.) மகரந்தம் சேர்க்க வரும் தேனீயை உங்கள் மருந்தே கொன்றிருக்கலாம். பூத்திருக்கும் கொடிமேல் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள், தயவுசெய்து. தேனீ வராத இடமென்றால் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பூசணி, வெள்ளரி, பாகலுக்குக் காலையில். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலர்பவை, காலையில் போய் நின்று பயனில்லை.

தக்காளி, மிளகாய், கத்தரி கதை வேறு. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு. காலையில் கிளையை லேசாகத் தட்டினால் போதும், மகரந்தம் சேர்ந்துவிடும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால், இரவும் புழுங்கினால், தக்காளிப் பூ கொட்டும். அதற்கும் மருந்து கிடையாது. மதிய வெயிலுக்கு நிழல் கொடுங்கள், மண்ணைக் காயவிடாதீர்கள். செடி கருகருவென்று தழைத்துப் பூவே இல்லையா? தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை நிறுத்துங்கள்.

இலைக்காகவோ கிழங்குக்காகவோ வளர்க்கும் செடியில் பூ வந்தால் கணக்கே மாறிவிடும். கொத்தமல்லி தண்டு நீண்டு, இலை நூல்போல் மெலிந்துவிட்டால் அது விதைக்குத் தயாராகிவிட்டது. பூவைக் கிள்ளினாலும் பழைய இலை திரும்பாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்து வாருங்கள். துளசியில் மட்டும் கிள்ளுவது பலிக்கும்: பூங்கதிரை இரண்டு ஜோடி இலையோடு சேர்த்துக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். முள்ளங்கியில் பூத்தண்டு எழும்பிவிட்டால் கிழங்கு நார் தட்டிவிடும், உடனே பிடுங்குங்கள்.

பூத்த கொத்தமல்லியில் ஒன்றிரண்டை அப்படியே விடுங்கள். அந்தப் பூவுக்கு வரும் மிதவை ஈயின் (hoverfly) புழு, செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும்.

அப்புறம், அடுத்த முறை படம் அனுப்பும்போது பூவை மேலிருந்து எடுக்காமல், காம்பும் அடிப்பக்கமும் தெரியும்படி எடுங்கள். அதைப் பார்த்தால்தான் என்னால் எதையும் சொல்ல முடியும்.