பே ஏரியாவில் உங்கள் தெருவுக்கு என்ன மதிப்பெண்?

நம் தெருவில் தார் பெயர்ந்து கிடக்கும். அதை விட்டுவிட்டு, பார்க்க நன்றாகவே இருக்கும் அடுத்த தெருவுக்கு மேல்பூச்சு போடுவார்கள். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் குடியிருக்கும் பலருக்கும் இந்தக் கோபம் உண்டு. இந்த முடிவுக்குப் பின்னால் இருப்பது பிசிஐ என்ற மதிப்பெண்.

0 முதல் 100 வரை போகும் சாலை நிலைக் குறியீடு இது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1970களில் விமானத் தளங்களுக்காக உருவாக்கியது. சாலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, நடந்தோ கேமரா பொருத்திய வண்டியிலோ போய்ப் பார்க்கிறார்கள். 100இல் தொடங்கி, என்ன பழுது, எவ்வளவு கடுமை, எவ்வளவு பரப்பு என்று பார்த்துக் கழித்துக்கொண்டே வருவார்கள். தனியாக ஓடும் மெல்லிய விரிசலுக்குக் கொஞ்சம்தான் போகும். சக்கரத் தடத்தில் முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் நிறையப் போய்விடும். பாரம் தாங்காமல் சாலையே சோர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

பெருநகரப் போக்குவரத்து ஆணையமான எம்டிசி வழியாக வரும் சாலை நிதி வேண்டுமென்றால், நகரங்கள் இந்தக் கணக்கை முறையாக வைத்திருக்க வேண்டும். முக்கியச் சாலைகளை 2 ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். குடியிருப்புத் தெருக்களுக்கு இடைவெளி அதிகம். உங்கள் தெருவின் மதிப்பெண் பழையதாகவும் இருக்கலாம்.

சரி, நல்ல தெருவுக்கு ஏன் முதலில் செலவு? மதிப்பெண் 70க்கு மேல் இருக்கும்போது விரிசலை அடைத்து, மேலே மெல்லிய பூச்சு போட்டாலே சில ஆண்டுகள் தாங்கும். 60க்குக் கீழே போனால் சிதைவு வேகம் பிடிக்கும். 25க்கும் கீழே போய்விட்டால் தோண்டி அடியிலிருந்து போட வேண்டும், செலவு பல மடங்கு. மோசமான தெருக்களையே முதலில் எடுத்தால் பணம் அங்கேயே தீர்ந்து, நல்லவையும் வரிசையாக விழும். கணக்கு சரிதான். ஆனால் அடிமட்டத்துக்குப் போய்விட்ட தெருவில் இருப்பவர் எத்தனை வருடம் காத்திருப்பது? அதற்குத் தனிப் பணம் ஒதுக்குவதுதான் நியாயம். 2011இல் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் சாலைகளைச் செப்பனிட 24.8 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். 60க்கும் 70க்கும் இடையே தடுமாறிய நகரின் சராசரி மதிப்பெண் அதன்பின் 70ஐத் தாண்டியது.

அப்புறம், பள்ளத்தை அடைப்பது வேறு, தெரு முழுவதற்கும் புதிதாகத் தளம் போடும் மறுசாலை வேறு. பள்ளத்தைப் புகார் செய்தால் பள்ளம் அடைபடும். அதனால் மட்டும் தெரு மறுசாலைப் பட்டியலில் ஏறாது. ஆனாலும் புகார் செய்யுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் அதற்கான தொலைபேசி எண் 311. பள்ளத்தில் விழுந்து கார் சேதமானால் 6 மாதத்துக்குள் நகர நிர்வாகத்திடம் இழப்பீடு கேட்டு மனு தர வேண்டும். அந்தப் பள்ளம் நகரத்துக்கு முன்பே தெரியுமா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. யாரோ ஏற்கெனவே செய்த புகார் அப்போது சாட்சியாக நிற்கும்.