பெயர் அதே, வண்டி வேறு: புது மாடலுக்கு மாறும் முன்

பெங்களூரில் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். ஒசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறையப் பேர் எங்களிடம் வண்டி விடுகிறார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணா, நம்ம வண்டியோட புது மாடல் வந்திருக்கே, இதைக் கொடுத்துட்டு அதை எடுத்துடலாமா?" எட்டு பத்து வருடம் தொந்தரவு தராமல் ஓடிய வண்டி. அதே பெயர், அதே கம்பெனி. அப்புறம் புதியது இன்னும் நன்றாகத்தானே இருக்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் தலைமுறை மாறிவிட்டால் அது வேறு வண்டி. சில விஷயங்களில் பழையதைவிட மோசமாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் எல்லோருக்கும் பழகிய மாருதி டிசையரையே எடுத்துக்கொள்வோம். 2008-ல் வந்த முதல் டிசையரின் நீளம் 4,160 மில்லிமீட்டர், டிக்கி 440 லிட்டர். 2012-ல் புது டிசையர் வந்தபோது நீளம் 3,995 மில்லிமீட்டராகவும் டிக்கி 316 லிட்டராகவும் குறைந்துவிட்டன. காரணம் வரி. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு 2006 மத்திய பட்ஜெட்டில் கலால் வரியைக் குறைத்தார்கள். அந்தச் சலுகைக்குள் வர வேண்டுமென்றால் வண்டியின் வாலை வெட்டியாக வேண்டும். இன்ஜினியர்கள் தெரிந்தேதான் வெட்டினார்கள், வண்டியும் நன்றாக விற்றது. ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போய் அரிசி மூட்டை, தேங்காய், இரண்டு பெட்டி என்று ஏற்றிக்கொண்டு திரும்பும் குடும்பத்துக்கு 124 லிட்டர் இழப்பு பெரிய இழப்பு. 2024-ல் வந்த நான்காம் தலைமுறையின் டிக்கிகூட 382 லிட்டர்தான். முதல் வண்டியை இன்றுவரை அது எட்டவில்லை. ஷோரூமில் யாரும் டிக்கியைத் திறந்து பழைய வண்டியோடு ஒப்பிட்டுக் காட்டமாட்டார்கள்.

ஆக, டிசைன் பண்ணுகிறவருக்குத் திறமை இல்லாததால் மட்டும் புது மாடல் மோசமாவதில்லை. வரி, புகை விதி, செலவைக் குறைக்கும் கட்டாயம், பெரிய ஸ்கிரீன் மேல் வாடிக்கையாளருக்கு இருக்கும் ஆசை என்று பல பக்கமிருந்து வண்டியை இழுக்கிறார்கள். ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கம் இறங்குகிறது.

புகை விதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு வரும் டீசல் வண்டிகளில் அதிகம் பார்ப்பது அதைத்தான். 2020 ஏப்ரல் 1 முதல், பழைய பிஎஸ் 4-ஐவிடக் கடுமையான பிஎஸ் 6 புகை விதி நடைமுறைக்கு வந்தது. டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி சேர்ந்தது. நாம் சுவாசிக்கும் காற்றுக்கு அது மிக நல்லது, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு நல்ல சூடு வேண்டும், வண்டி சிறிது நேரம் நிற்காமல் ஓட வேண்டும். தினமும் நாலு கிலோமீட்டர் ஸ்கூல் சவாரி, மிச்ச நேரம் சில்க் போர்டு நெரிசல் என்றால் அந்த எரிப்பு பாதியிலேயே நின்றுபோகும். எரிப்புக்காகக் கூடுதலாகத் தெளித்த டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி நிற்கும், மோந்து பார்த்தால் டீசல் வாசனை அடிக்கும். "ஆயில் ஏறியிருக்கே, நல்லதுதானே" என்று கேட்டவர்கள் உண்டு. நல்லதில்லை, ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பழைய பிஎஸ் 4 டீசலுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்காது. நகருக்குள்ளேயே ஓட்டுபவர் அதே பெயரில் இருக்கும் பிஎஸ் 6 டீசலுக்கு மாறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது பட்டன்கள். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் எட்டாம் தலைமுறை 2019-ல் வெளிவந்தபோது சவுண்டுக்கும் ஏசிக்கும் இருந்த பட்டன்களை எடுத்துவிட்டு, விரலால் தடவும் பட்டை ஒன்றை வைத்தார்கள். அதற்கு விளக்குகூட இல்லை, இரவில் இருட்டில்தான் தடவ வேண்டும். கடும் விமர்சனம் எழுந்தது. 2024 மாடலில் அந்தப் பட்டைக்கு விளக்கு வைத்தார்கள், ஸ்டீயரிங்கில் அமுக்குகிற பட்டன்கள் திரும்பி வந்தன. 2022-ல் வீ பிலாகரே என்ற ஸ்வீடன் நாட்டுக் கார் இதழ் ஒரு சோதனை செய்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ரேடியோ, ஹீட்டர் போன்ற சில சின்ன வேலைகளைச் செய்ய வேண்டும். 2005-ம் வருட வோல்வோ வி70-ல் 10 நொடியில் முடிந்தது. ஸ்கிரீன் வைத்த புதுக் கார்களில் சோதனையில் கடைசி இடத்துக்குப் போன காருக்கு 44.6 நொடி ஆனது. அதற்குள் வண்டி 1.3 கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டது! கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் நிஜமான பட்டனோ லீவரோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று வைத்திருக்கிறது. நம் ஊர் மழையில் கண்ணாடி சட்டென்று மங்கும்போது, ஸ்கிரீனில் மெனு தேடிக்கொண்டிருக்க முடியுமா?

வெளியே தெரியாத இன்னொன்று, ரிப்பேர் செலவு. பழைய வண்டியில் பின் லைட் போனால் ஹோல்டரைத் திருகி பல்பைக் கழற்றி, ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் நூறு ரூபாய்க்குள் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம். எல்இடி லைட்டைப் பல மாடல்களில் மொத்தமாக சீல் செய்துவிடுகிறார்கள். உள்ளே ஒரு துண்டு எரியவில்லை என்றாலும் முழு அசெம்பிளியையும் மாற்ற வேண்டும், ஆயிரக்கணக்கில் ஆகும்.

ஸ்டெப்னியும் போகிறது. டயர் காற்றழுத்தம் காட்டும் வசதியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. ஆணி குத்தினால் கிட் போதும். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் கிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ராத்திரி கிருஷ்ணகிரி ரோட்டில் குழந்தைகளோடு நிற்க வேண்டியதுதான்.

எல்லா இழப்பையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது. 2024 ஸ்விஃப்ட்டில் நாலு சிலிண்டர் இன்ஜின் போய் மூன்று சிலிண்டர் வந்தது, பவரும் சுமார் 90 குதிரைசக்தியிலிருந்து 82-க்கு இறங்கியது. சிக்னலில் நிற்கும்போது நடுக்கம் தெரிகிறது என்று பழைய ஸ்விஃப்ட்காரர்கள் சொல்வது சரி. ஆனால் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் வருகிறது. என்னைக் கேட்டால் நடுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு புதியதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

டிராவல்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு. 2022 இறுதியில் இன்னோவா ஹைகிராஸ் வந்தது. டீசல் கிடையாது, அடியில் பாரம் தாங்கும் தனிச் சட்டமான சேஸி கிடையாது, பின் சக்கர இழுவையும் கிடையாது. குடும்பத்துக்கு அருமையான வண்டி. ஆனால் சேஸி வண்டியில் ஆள் ஏற்றிப் பிழைப்பவருக்குத் தேவை வேறு. 2023-ல் டொயோட்டா, முந்தைய தலைமுறை இன்னோவாவான கிரிஸ்டா டீசலுக்குத் திரும்பவும் புக்கிங் திறந்தது.

கம்பெனிகள் தப்பைத் திருத்துவதும் உண்டு. அமெரிக்காவில் 2012 மாடல் ஹோண்டா சிவிக்கை கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் இதழ் தன் பரிந்துரைப் பட்டியலில் சேர்க்க மறுத்தது. உள்ளே மலிவாக இருக்கிறது, ஓட்டமும் முன்புபோல் இல்லை என்றது. ஒன்றரை வருடத்தில் ஹோண்டா அதை மாற்றியமைத்து 2013 மாடலாகக் கொண்டுவந்தது. அதனால் புதுத் தலைமுறை வந்த சூட்டோடு புக் பண்ணாமல் ஒரு வருடம் பொறுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு உங்கள் பழைய வண்டியிலேயே போங்கள். ஒரே ரோட்டில், ஒரே ஸ்பீட் பிரேக்கரில் இரண்டையும் ஓட்டுங்கள். பின் சீட்டில் அம்மாவையோ அப்பாவையோ உட்காரவைத்துக் கேளுங்கள். இருட்டிய பிறகு ஒருமுறை ஏசியைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஸ்பேர்ஸ் கவுண்டரில் ஹெட்லைட் அசெம்பிளி என்ன விலை என்று விசாரியுங்கள். எக்ஸ்சேஞ்ச் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன் பழைய வண்டிக்கு சஸ்பென்ஷன், கிளட்ச், நாலு டயர் மாற்ற என்ன ஆகும் என்று எழுதி வாங்குங்கள். கர்நாடகத்தில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான பெட்ரோல், டீசல் காருக்கு ரோடு டாக்ஸ் மட்டுமே 17 சதவீதம். 12 லட்ச ரூபாய் வண்டிக்கு அதுவே இரண்டு லட்சத்தைத் தாண்டும். நான் பார்க்கும் பெரும்பாலான சிறிய கார்களுக்கு அந்தப் பணத்தில் பழையதை முழுதாகச் சரிசெய்து, மீதியும் வைத்துக்கொள்ளலாம்.