அலைவா, ஊசலா?

பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ பற்றிச் செய்தி வந்தால் கூடவே "தெற்கத்திய அலைவு" என்ற பெயரும் வந்துவிடும். சிலர் "அதிர்வு" என்று எழுதிவிடுகிறார்கள், படிப்பவர் நிலநடுக்கமோ என்று பயந்தால் தப்பே இல்லை. அப்படியானால் எந்தச் சொல் பொருந்தும்? ஆங்கிலத்தில் ஆஸிலேஷன், மூலம் லத்தீன். ஆஸில்லம் என்றால் குட்டி முகம். ரோமானியர் திராட்சைத் தோட்டத்து மரங்களில் மதுக்கடவுளின் சிறு முகமூடியைக் கட்டித் தொங்கவிடுவார்களாம், அது காற்றில் ஆடும் ஆட்டத்திலிருந்து வந்த சொல் என்பார்கள்.

வானிலையில் இந்தப் பெயரை வைத்தவர் கில்பர்ட் வாக்கர். கணித மனிதர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவர். பருவமழை எந்த ஆண்டு பொய்க்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி தேடி, பல நாட்டு அழுத்தக் கணக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒன்று தட்டுப்பட்டது: பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. இப்போது தஹிதித் தீவுக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டை வைத்து இதை அளக்கிறார்கள். டார்வினில் அழுத்தம் கூடி, தஹிதியில் குறைந்தே கிடந்தால் எல் நினோ காலம். இந்தோனேசியா காயும், பெரு நாட்டுக் கடற்கரையில் மழை கொட்டும். நம் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் இளைக்கும், ஆனால் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைக்குக் கொண்டாட்டம். பலமான எல் நினோ இருந்த 2015இல் சென்னை மூழ்கியது, அதற்கு நேர்மாறாகக் கடல் குளிரும் லா நினா பக்கம் சாய்ந்த 2016இல் வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைந்தது. சரி, விதி இதுதானா என்றால் இல்லை, 2021இல் லா நினா இருந்தும் இங்கே மழை வெளுத்து வாங்கியது.

இப்போது சொல்லுக்கு வருவோம். பாடப்புத்தகம் "அலைவு" என்று பழக்கிவிட்டது, "அலைவு நேரம்" என்று படித்துத் தேர்வு எழுதியவர்கள்தானே நாம். ஆனால் வாக்கர் கண்டது இரண்டு முனைகளுக்கு நடுவே போய்வரும் ஆட்டம். அதற்கு நம்மிடம் "ஊசல்" இருக்கிறது, பழம்பாட்டில் மரக்கிளையில் கட்டிய ஊஞ்சலுக்கே அந்தப் பெயர்தான், உயிர் "ஊசலாடுகிறது" என்று இன்றும் சொல்கிறோம். ஆகவே என் ஓட்டு "தென் ஊசல்" பக்கம்.

அப்புறம் மேடன்-ஜூலியன் ஆஸிலேஷன் என்று இன்னொன்று, 1971இல் கண்டுபிடித்தது. அது ஓரிடத்தில் ஆடுவதில்லை, 30 முதல் 60 நாளில் நிலநடுக்கோட்டை ஒட்டி மேகக்கூட்டத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டு உலகைச் சுற்றுகிறது, இந்தியப் பெருங்கடலுக்கு வரும்போது நமக்கு மழை வாய்ப்புக் கூடும். இதற்கு "அலைவு" என்றே இருக்கட்டும், ஊர் ஊராக அலைகிறதே.