இடுப்பு ஸ்கேனில் சிக்காத கட்டி

இடுப்பு வலி என்றாலே ஜவ்வு விலகல்தான் என்று நினைத்துவிடுகிறோம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் "படுத்தால்தான் வலி கூடுது, ராத்திரி எழுந்து உட்கார்ந்தா கொஞ்சம் தேவலை" என்று ஒருவர் சொன்னால், அவருடைய ஸ்கேனை நான் இன்னும் நிதானமாகப் பார்ப்பேன். ஜவ்வு வலி பொதுவாகப் படுத்தால் தணியும். தண்டுவட நரம்பில் வளரும் கட்டியின் வலி அப்படித் தணிவதில்லை.

இந்த வகையில் நாங்கள் அதிகம் பார்ப்பது ஷ்வான்னோமா. நரம்பின் உறைச் செல்களிலிருந்து வரும் இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மெதுவாக வளரும். அப்படி நாள்பட வளரும்போது, நரம்பு வெளியே வரும் எலும்புத் துளையை ஒரு பக்கம் மட்டும் அகலமாக்கிவிடும். எக்ஸ்-ரேயில்கூடச் சில சமயம் அது தெரியும். அதற்காக எக்ஸ்-ரே நார்மல் என்றால் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆகவேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் டி2 என்ற வகைப் படத்தில் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் வெள்ளையாகத் தெரியும். கட்டி தண்டுவடத்தை ஒரு பக்கமாகத் தள்ளுவதால், கட்டிக்கு மேலும் கீழும் அந்த நீர் இடைவெளி அகன்றிருக்கும். பாதி உள்ளேயும் பாதி எலும்புத் துளைக்கு வெளியேயுமாக, டம்பெல் வடிவில் இருந்தால் சந்தேகம் வலுக்கும். உடைந்து நகர்ந்த ஜவ்வுத் துண்டும் சில நேரம் கட்டி போலவே தோன்றும். அங்கேதான் காடோலினியம் ஊசி, அதாவது சில பகுதிகளைப் படத்தில் ஒளிரவைக்கும் மருந்து, கைகொடுக்கிறது. ஜவ்வுத் துண்டு பொதுவாக ஓரத்தில் மட்டும் ஒளிரும். கட்டி உள்ளேயும் ஒளிரும். கட்டிக்குள் நீர் கோத்திருந்தால் அதுவும் ஓரத்தில் மட்டும் ஒளிர்ந்து குழப்பும். அதனால் ஒரே ஒரு படத்தை வைத்து நான் முடிவு சொல்வதில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. தண்டுவடம் பெரும்பாலானவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பு அளவிலேயே முடிந்துவிடும். அதனால் இடுப்பு ஸ்கேனில் தண்டுவடத்தின் பெரும்பகுதி வராது. கால் விறைத்து, செருப்பு நழுவுவதுகூடத் தெரியாமல் நடக்கிறவருக்குக் கோளாறு நெஞ்சுப் பகுதி முதுகில் இருக்கலாம். அவருக்கு இடுப்பை மட்டும் ஸ்கேன் செய்தால், வயதானால் பலருக்கும் இருக்கும் சின்ன ஜவ்வுப் பிதுக்கம் கண்ணில் படும். காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். கட்டி மேலே வளர்ந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு முழு முதுகெலும்பையும் ஸ்கிரீனிங் பார்க்கச் சொல்கிறேன். அதற்குச் சில நிமிடங்கள்தான் கூடுதலாக ஆகும்.

ஸ்கேனுக்கு வரும்போது பழைய படங்களைக் கொண்டு வாருங்கள். வலி எப்போது கூடுகிறது, எந்தக் கால் மரத்துப்போகிறது என்பதை டெக்னீஷியனிடமும் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், முன்பு ஊசி ஒத்துக்கொள்ளாதது, உடலில் பேஸ்மேக்கர் எதுவானாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கால் திடீரென்று பலவீனமானாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போனாலோ ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.