இசைச் சிகிச்சை

'மியூசிக் தெரபி'க்குத் தமிழ் இசைச் சிகிச்சை. இசையால் செய்யும் சிகிச்சை என்று விரிவதால் நடுவில் 'ச்' மிகும். 'தெரபி'யின் மூலம் கிரேக்கத்தின் 'தெரபேயா': அருகிருந்து பணிவிடை செய்தல். 'சிகிச்சை' வடசொல், அதன் வேரும் கவனித்தலைத்தான் குறிக்கிறது. தனித்தமிழே வேண்டுவோர் 'இசைப் பண்டுவம்' எனலாம். 'பண்டுவம் பார்த்தல்' வழக்கிலுள்ள தொடர்தான்.

வார்ட்டில் வானொலி பாடுவதை இப்பெயரால் அழைப்பது பிழை. பயிற்சி பெற்றவர் நோயாளியை மதிப்பிட்டு, விருப்பமறிந்து, விளைவைக் கண்காணித்தால்தான் அது சிகிச்சை. வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாச இயந்திரத்தில்) இருந்த 373 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. விரும்பியபோது தாமே ஹெட்போன் மாட்டிக் கேட்டவர்களுக்கு, வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிடப் பதற்றமும் மயக்கமருந்துத் தேவையும் குறைந்தன.

தேர்வுதான் கடினம். இலங்கை மலையகத்தின் நுவரெலியா, பதுளைப் பக்கத்து முதியவருக்கு 'ஊர்ப் பாட்டுத்தானே' என்று தப்பிசை (தப்பு எனும் பறையின் இசை) போட்டுவிடக் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் விடியலில் வேலையாட்களை எழுப்பியது பெரட்டுத் தப்பு ('பெரட்டு' ஆங்கிலப் 'பரேட்'டின் திரிபு). சாவு வீட்டில் ஒலிப்பதும் அதே தப்புப் பறைதான். உறங்க வேண்டிய நெஞ்சு அதைக் கேட்டால் விழித்துக்கொள்ளும். தாலாட்டா, பஜனையா, பழைய சினிமாப் பாட்டா என்று நோயாளியிடமே கேளுங்கள். தொண்டையில் சுவாசக் குழாய் போட்டிருந்தால் தலையசைப்பு போதும். அதுவும் முடியாதபோது வீட்டாரிடம் கேளுங்கள். நோயாளி இசையாத பாட்டு வேண்டாம்.

தேர்ந்த பாட்டுக்கு அளவு இது: நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு, திடீர் ஏற்றம் இல்லாத மெட்டு, 20 முதல் 30 நிமிடம், பேச்சளவு ஒலி (60 டெசிபெல்லுக்குள்). தொடங்குமுன் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சுவாச வேகம் மூன்றையும் குறித்து, ஐந்து நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். அவை ஏறினாலோ, முகம் சுருங்கினாலோ, கை ஹெட்போனை நோக்கிப் போனாலோ உடனே நிறுத்துங்கள்.

ஸ்பீக்கர் ஆகாது: பக்கத்துக் கட்டிலுக்குத் தொல்லை, இயந்திரத்தின் அலாரமும் தாதியின் காதுக்கு எட்டாமல் போகலாம். ஹெட்போனை ஒவ்வொருவருக்குப் பின்னும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். ஒட்சிசன் முகமூடியின் பட்டி ஏற்கெனவே அழுத்தும் காதுமடலில் ஹெட்போனும் சேர்ந்தால் புண் வரும். எடுத்ததும் மடலின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், சிவந்திருக்கிறதா என்று. குழப்பநிலையில் உள்ளவருக்கு, எங்கிருந்தோ வரும் பாட்டுக்குரல் மாயக்குரலாகத் தோன்றக்கூடும். அவருக்கு முதலில் சொற்களில்லாத குழலோ வீணையோ, பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும்போது மட்டும்.